மற்போர் ‘ப்ரொமோஷன்’: ‘களமேற்றகம்’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பிரிட்டன் மற்போரின் வணிக வரலாற்றை எழுதுவதற்கு ‘ப்ரொமோட்டர்’, ‘ப்ரொமோஷன்’ ஆகிய சொற்களுக்குத் தமிழ் தேடிவருகிறோம். இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘விளம்பர நிறுவனம்’ பொருந்தாது. சுவரொட்டி ஒட்டுவது அவர்கள் வேலையில் மிகச் சிறிய பகுதி. ‘மேம்பாட்டு நிறுவனம்’ என்றால் படிப்பவர் ஏதோ அரசு வாரியத்தை நினைத்துக்கொள்வார். ‘நடத்துநர்’ நல்ல சொல்தான், ஆனால் அது பேருந்தில் ஏறிப் பல காலம் ஆகிவிட்டது.

மண்டபத்தை வாடகைக்கு எடுப்பது, மல்லர்களுக்குக் கூலி பேசுவது, யாரை யாருடன் மோதவிடுவது என்று முடிவுசெய்வது, சீட்டு விற்பது ஆகிய அனைத்தும் ப்ரொமோட்டரின் பொறுப்பு. குத்துச்சண்டையை ஏற்பாடு செய்பவருக்கு இல்லாத ஒன்றும் இவருக்கு உண்டு: இந்தக் காட்சி மற்போரில் முடிவு முன்கூட்டியே வகுக்கப்படுவதால், யார் வெல்வது என்பதையும் இவரே தீர்மானிக்கிறார். 1970களின் நடுப்பகுதியில் மேக்ஸ் கிராப்ட்ரீ என்னும் ப்ரொமோட்டர் ‘ஜாயின்ட் ப்ரொமோஷன்ஸ்’ கூட்டணியில் பொறுப்புக்கு வந்ததும் தம் சகோதரரான மல்லர் ஷெர்லியைப் ‘பிக் டாடி’ என்னும் பெயரில் நாயகனாக முன்னிறுத்தி, மொத்த வணிகத்தையும் அவரைச் சுற்றியே அமைத்தார். ‘ஏற்பாட்டாளர்’ என்னும் சொல்லில் இந்த அதிகாரம் தெரிவதில்லை.

ஆகவே ‘அரங்கேற்று’ என்பதன் வழியில் ‘களமேற்று’ என்னும் வினையைப் பரிந்துரைக்கிறேன். செயல் களமேற்றம், ஆள் களமேற்றுநர், நிறுவனம் களமேற்றகம். ஏற்கெனவே ‘களமிறக்கு’ இருக்கிறதே என்று கேட்கலாம். மல்லரைக் களமிறக்கலாம், மோதலைக் களமிறக்க முடியாது. நாடகத்தை அரங்கேற்றுவதுபோல மோதலைக் களமேற்றத்தான் முடியும்.

இச்சொற்களை வரலாற்றில் வைத்துப் பார்க்கிறேன். லண்டனின் டேல் மார்ட்டின், மான்செஸ்டரின் ரைட்டன் ஆகிய களமேற்றகங்களும் யார்க்‌ஷயரின் நார்மன் மோரல் முதலிய களமேற்றுநர்களும் 1952இல் ‘ஜாயின்ட் ப்ரொமோஷன்ஸ்’ என்று ஒன்றிணைந்தார்கள். அவரவர் வட்டாரம் அவரவருக்கு, மல்லர்கள் எல்லோருக்கும் பொது என்பது அதன் அடிப்படை. இதை ஒரே களமேற்றகம் என்று எழுதினால் பிழையாகும். ‘களமேற்றகக் கூட்டணி’ என்பதே சரி. 1955 நவம்பர் 9 அன்று வெஸ்ட் ஹாம் பாத்ஸ் மண்டபத்திலிருந்து மற்போர் முதன்முதலாக ஐடிவி என்னும் பிரிட்டன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. அந்த ஒளிபரப்பு வாய்ப்பு 1986 இறுதிவரை இக்கூட்டணியின் கையிலேயே இருந்ததால், வெளியே நின்றவர்களின் நிலை கடினமாயிற்று. ‘டாக்டர் டெத்’ என்ற பெயரில் முகமூடி அணிந்து தாமே மோதிய பால் லிங்கன், தொலைக்காட்சி இல்லாமலேயே கூட்டத்தைத் திரட்டிய தனிக் களமேற்றுநர். அவரும் 1960களின் நடுப்பகுதியில் கூட்டணியுடன் இணைந்துவிட்டார்.

1987 முதல் அந்த ஒளிபரப்பு நேரத்தை இக்கூட்டணியுடன் பிரையன் டிக்சனின் ‘ஆல் ஸ்டார்’ நிறுவனமும் அமெரிக்க மற்போர் நிறுவனமான டபிள்யூடபிள்யூஎஃபும் பங்கிட்டுக்கொண்டன. 1988 டிசம்பரில் ஐடிவி மற்போரையே கைவிட்டது. அதன் பிறகும் டிக்சன் ஊர் ஊராக மண்டபம் பிடித்துத் தொழிலைத் தொடர்ந்தார். ஒளிபரப்பு போனாலும் களம் நின்றது என்பதால், சொல்லின் முதலுறுப்பாகக் ‘களம்’ இருப்பதே பொருத்தம் என்று கருதுகிறேன்.

‘களமேற்றகக் கூட்டணி’ சற்று நீளம்தான். இதைவிடச் சுருக்கமான, ஆனால் வட்டாரப் பங்கீட்டின் பொருள் கெடாத சொல் தோன்றினால் தெரிவிக்க வேண்டுகிறேன்.