12 அங்குல முறுக்குள்ள பழைய .244 ரைஃபிளுக்குச் செம்புக் குண்டு ஒத்துவருமா?

கேள்வி: ஓக்மரத்தடி

நண்பர்களுக்கு வணக்கம். நான் வட கலிபோர்னியாவில் வசிக்கிறேன். 1950களில் செய்யப்பட்ட ரெமிங்டன் 722 ரைஃபிள் ஒன்று, .244 ரெமிங்டன் தோட்டாவுக்கானது, என்னிடம் இருக்கிறது. ஈயக் குண்டு வைத்து நானே நிரப்பிய தோட்டாக்கள், குண்டின் எடை 75 கிரெய்ன் ஆனாலும் 90 கிரெய்ன் ஆனாலும், 100 கெஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலத்துக்குள் விழுகின்றன. ஆனால் 2019 ஜூலை முதல் இம்மாநிலத்தில் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டைப் பயன்படுத்தக் கூடாது என்பதால், மான் வேட்டைக்கென்று முழுதும் செம்பாலான 85 கிரெய்ன் குண்டுகளை வாங்கினேன். 90 கிரெய்னை நன்றாகச் சுடும் குழல் அதைவிட 5 கிரெய்ன் குறைந்ததைச் சுடாதா என்பதே என் கணக்கு.

கணக்கு தப்பிவிட்டது. ஐந்து குண்டுகள் 9 அங்குல அகலத்துக்குச் சிதறின. அவற்றில் மூன்று, அட்டையில் வட்டத் துளைக்குப் பதிலாகப் பக்கவாட்டில் நீண்ட துளையை இட்டிருந்தன. தோட்டா நிரப்பும் கையேட்டின் வரம்புக்குள்ளேயே வெடிமருந்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன், குண்டைப் பதிக்கும் ஆழத்தையும் மாற்றிப் பார்த்தேன்; பயனில்லை. காலிப்பரில் அளந்ததில் செம்புக் குண்டின் நீளம் 1.05 அங்குலம், 90 கிரெய்ன் ஈயக் குண்டு 0.92 அங்குலம். குழல் தேய்ந்துவிட்டதா, அல்லது நான் செய்வதில் பிழையா?

பதில் 1: பம்பரக்கயிறு

உங்கள் கேள்வியின் கடைசி வரிக்கு முந்தைய வரியிலேயே விடை இருக்கிறது. குழலின் முறுக்கு (குண்டைச் சுழலவைக்க உட்புறம் வெட்டிய புரிகளின் சுருள்) குண்டின் எடையைப் பார்ப்பதில்லை, நீளத்தைத்தான் பார்க்கிறது. ஒரே உலோகத்தில், ஒரே வடிவத்தில் செய்த குண்டுகளில் எடை கூடினால் நீளமும் கூடும் என்பதால்தான் பெட்டிகளிலும் பேச்சிலும் எடையைச் சொல்லியே பழகிவிட்டோம். ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது. அதே எடைக்கு அது நீண்டுவிடுகிறது, பழக்கமும் அங்கே காலை வாருகிறது.

நெட்டையான பம்பரத்தை நிற்க வைக்கக் குட்டைப் பம்பரத்தைவிட வேகமாகச் சுழற்ற வேண்டும் என்பது சாட்டை சுற்றிய எவருக்கும் தெரியும். பறக்கும் குண்டின் முனையைக் காற்று புரட்டிவிடப் பார்க்கிறது, சுழற்சி அதைத் தடுக்கிறது. குண்டு நீள நீளப் புரட்டும் விசையின் கை ஓங்கும். 12 அங்குல முறுக்கு என்றால், குழலுக்குள் 12 அங்குலம் நகர்வதற்குள் குண்டு ஒரு முழுச் சுற்று சுற்றும் என்று பொருள். விநாடிக்கு 3100 அடி வேகத்தில் அது நிமிடத்துக்கு 1,86,000 சுற்று. கேட்க மலைப்பாக இருந்தாலும் உங்கள் செம்புக் குண்டுக்கு அது போதவில்லை.

1879இல் ஜார்ஜ் கிரீன்ஹில் தந்த எளிய வாய்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். குண்டின் விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் (விநாடிக்கு 2800 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் 180ஆல்) பெருக்கி, முறுக்கால் வகுத்தால், அந்தக் குழல் தாங்கக்கூடிய குண்டின் நீளம் கிடைக்கும். 0.243 அங்குல விட்டத்துக்கும் 12 அங்குல முறுக்குக்கும் அது 0.886 அங்குலம், செம்பின் அடர்த்திக்கு ஏற்பத் திருத்தினால் ஏறக்குறைய 0.80 அங்குலம். உங்கள் 90 கிரெய்ன் ஈயக் குண்டு விளிம்பைச் சற்றே தாண்டியும் நிற்கிறது, ஏனெனில் இந்த வாய்பாடு கொஞ்சம் கெடுபிடியானது. 1.05 அங்குலச் செம்புக்கோ அந்தச் சலுகை போதாது.

பின்னாளில் டான் மில்லர் தந்த வாய்பாட்டில் எடை, நீளம், விட்டம், முறுக்கு எல்லாம் சேர்ந்து ஒரு நிலைப்பு எண்ணாக வரும். அது 1க்குக் கீழே போனால் குண்டு புரளும், 1.5 இருந்தால் நிம்மதி. உங்கள் 85 கிரெய்ன் குண்டுக்குக் கடல்மட்டத்தில் 0.89 வருகிறது. அதே குண்டு 9 அங்குல முறுக்கில் 1.58 ஆகிவிடும். வேகத்தின் பங்கு இதில் மிகச் சிறியது. விநாடிக்கு 100 அடி கூட்டினாலும் அந்த எண் ஒரு விழுக்காடுதான் நகரும். மருந்தை மாற்றிப் பார்த்தது பயன்படாததற்குக் காரணம் அதுவே. குழலைக் குறை சொல்ல வேண்டாம்.

சொல்லப்போனால் இந்தத் தோட்டாவின் தலையெழுத்தே முறுக்கால் எழுதப்பட்டதுதான். 1955இல் வின்செஸ்டர் நிறுவனம் தன் .243 தோட்டாவை 10 அங்குல முறுக்கோடு, 100 கிரெய்ன் குண்டோடு, மானுக்கும் ஆகும் என்று விற்றது. அதே ஆண்டில் வந்த .244 ரெமிங்டன் 12 அங்குல முறுக்கோடு, 90 கிரெய்னோடு நின்றது. மருந்து நிரப்பும் தோட்டாக் கூட்டின் கொள்ளளவில் .244தான் சற்றுப் பெரியது, இருந்தும் வாங்குவோர்.243 பக்கமே சாய்ந்தனர். 1963இல் ரெமிங்டன் அதே தோட்டாவை 9 அங்குல முறுக்கோடு ‘6 மிமீ ரெமிங்டன்’ என்று பெயர் மாற்றி விற்றும் இழந்த இடத்தைப் பிடிக்க முடியவில்லை.

பதில் 2: பனிமான் (அல்பேர்ட்டா, கனடா)

மேலே எழுதியவர் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் முதலில் உங்கள் துவக்கின் (ரைஃபிளின்) முறுக்கை நீங்களே அளந்து பாருங்கள். பெயர் மாறுவதற்கு முன்பே 9 அங்குல முறுக்கோடு வெளிவந்த.244 துவக்குகளும் உண்டு. துவக்கு வெறுமையாக இருப்பதை உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றிவிட்டு, தாராளமாகச் சுழலும் துப்புரவுக் கம்பியில் இறுக்கமான துணியைச் சுற்றி உள்ளே தள்ளுங்கள். கம்பியில் ஓர் அடையாளமிட்டு, அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வருவதற்குள் கம்பி எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளந்தால் அதுதான் முறுக்கு. மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது.

இன்னொன்று, குளிரை மறந்துவிடாதீர்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அடர்த்தியான காற்று சன்னத்தை (குண்டை) இன்னும் வலுவாகப் புரட்டும். எம்16 துவக்கு முதலில் 14 அங்குல முறுக்கோடு இருந்தபோது, கடுங்குளிரில் அதன் சன்னங்கள் நிலைகொள்ளாததால்தான் 1963இல் 12 அங்குலத்துக்கு மாற்றினார்கள். எங்கள் பக்கம் நவம்பரில் மைனஸ் 20 பாகை செல்சியஸ் என்பது சாதாரணம், கோடையில் 1.2 என்ற நிலைப்பு எண்ணோடு அழகாகச் சுட்ட சன்னத்தை நம்பி அந்தக் குளிரில் நான் காட்டுக்குப் போகமாட்டேன்.

ஓக்மரத்தடி

மூன்று முறையும் 12 அங்குலத்தை ஒட்டியே வந்தது. சியரா மலையில் 8000 அடி உயரத்தில் காற்று மெலிந்திருக்குமே, அங்கே இந்த 85 கிரெய்ன் எடுபடாதா?

பதில் 3: பழைய_பட்டறை

அந்த உயரத்தில் உங்கள் எண் 0.89இலிருந்து 1.13 வரை ஏறும். துளை வட்டமாகக்கூட விழலாம். ஆனால் 1க்குச் சற்று மேலே நிற்கும் குண்டு தள்ளாடியபடியே பறக்கும், தாக்கும்போது நேராக நுழையும் என்ற உறுதியும் குறையும்; காயத்தோடு மானை ஓடவிடுவதற்கு அது வழி. வேண்டாம்.

உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நீளத்தைப் பார்த்துக் குண்டு வாங்குவது. 70 கிரெய்ன் அளவில், அடிப்பகுதி தட்டையான, 0.85 அங்குலத்தைத் தாண்டாத செம்புக் குண்டு கிடைத்தால், உங்கள் குழலில் நிலைப்பு எண் 1.37 அளவில் வரும். 90 கிரெய்ன் ஈயக் குண்டுக்கு இப்போது வருவதும் ஏறக்குறைய அதுவே. பெட்டியில் உற்பத்தியாளர் எழுதியிருக்கும் முறுக்கைப் படியுங்கள், அது மானுக்கு விரிந்துகொடுக்கும் குண்டுதானா, மாநிலத்தின் ஈயமில்லாக் குண்டுப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிளாஸ்டிக் முனை உள்ள குண்டானால் முழு நீளத்தையும் கணக்கில் போட வேண்டியதில்லை. அந்த முனைக்கு எடை அற்பம் என்பதால் வாய்பாடு சொல்வதைவிட அது நன்றாகவே நிற்கும். மற்றொன்று, 8 அல்லது 9 அங்குல முறுக்குள்ள புதுக் குழல் போடுவது. எனக்கு அதில் மனமில்லை, ஆனாலும் போட்டால் பழைய குழலை எறிந்துவிடாதீர்கள்.

எதைச் செய்தாலும் ஈயக் குண்டின் மருந்து அளவைச் செம்புக்கு எடுத்தாளக் கூடாது. நீண்ட குண்டு கூட்டுக்குள் கூடுதல் இடத்தைப் பிடிக்கிறது, கடினமான உலோகம் புரிகளில் வேறுவிதமாக ஏறுகிறது, இரண்டும் அழுத்தத்தை மாற்றும். அந்தக் குண்டுக்கென்றே வெளியான அட்டவணையின் தொடக்க அளவிலிருந்தே ஏறுங்கள்.

ஓக்மரத்தடி

அனைவருக்கும் நன்றி. காலிப்பரைக் கையோடு எடுத்துச்சென்று, கடைக்காரர் அனுமதித்தால் அளந்து பார்த்தே 70 கிரெய்ன் பெட்டி ஒன்றை வாங்குகிறேன். கடலோரச் சுடுதளத்தில் குளிர்ந்த காலை ஒன்றில் இருபது தோட்டாக்கள் சுட்டுப் பார்ப்பேன். ஒரு துளை நீண்டு விழுந்தாலும் இந்தப் பருவத்துக்கு என் .308 ரைஃபிளையே எடுத்துக்கொள்கிறேன்.