ஏஐ ஓட்டுற மிக்-15 மட்டும் எப்படி இப்படி ஏறுது?

வால்காற்று:

வணக்கம் எல்லாருக்கும். ஃப்ளைட் சிமுலேட்டர் கேம்ல ரெண்டு மாசமா எஃப்-86 சேபர்ல உக்காந்து ஏஐ மிக்-15 கூட ஒண்ணுக்கொண்ணு மோதிட்டு இருக்கேன், எப்பவும் ஒரே மாதிரிதான் முடியுது. மெர்ஜ் ஆகி, அதாவது நேருக்கு நேரா வந்து கடந்து, ரெண்டு சுத்து சரிசமமா போகும், அப்புறம் அவன் மூக்கைத் தூக்கி நேரா மேல போவான், நானும் பின்னாடியே போனா என் வேகம் கரைஞ்சு ஸ்டால் ஆகி (இறக்கை தூக்குற சக்தியை இழந்து) கீழ விழுறேன், அவன் மேல போய் நிதானமா திரும்பி என் தலை மேலயே இறங்குறான். சேபரைவிட மிக் நல்லா ஏறும்னு தெரியும், எடை கம்மி, கொரியா போர்லயே அதுதான் அதோட பலம். சரி அது காரணமா இருக்குமோன்னு நானே ஒரு மிக்-15 எடுத்துக்கிட்டு ஏஐ மிக்-15 கூட மோதிப் பாத்தேன். அப்பவும் அதேதான்! ஒரே விமானம், ஒரே இன்ஜின், அவன் மட்டும் ஏறிக்கிட்டே இருக்கான். ஏஐயோட ஸ்கில் லெவலைக் குறைச்சேன், அவன் முடிவெடுக்கிறதுதான் மந்தமாச்சே தவிர ஏறுறது அப்படியேதான் இருக்கு. உண்மையிலேயே ஏஐக்கு வேற இயற்பியலா, இல்ல நான் ஓட்டுறதுல தப்பா? மனசு விட்டுப் போச்சு, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சைடுஸ்டிக்:

வேற இயற்பியல்தான் நண்பா, பெரும்பாலான சிமுலேட்டர்ல அப்படித்தான். டிசிஎஸ்ங்கிற போர் விமான சிமுலேட்டரை எடுத்துக்கிட்டா நீங்க ஓட்டுற விமானத்துக்கு விரிவான ஃப்ளைட் மாடல் (விமானம் எப்படிப் பறக்கும்னு கணக்குப் போடுற பகுதி), ஏஐக்கு சிம்பிளிஃபைடு ஃப்ளைட் மாடல். உங்க விமானத்துல இறக்கை, வால், உடம்புன்னு ஒவ்வொரு பகுதி மேலயும் காத்து எப்படி மோதுதுன்னு தனித்தனியா கணக்குப் போட்டு, ஸ்டிக்கை இழுத்தா அந்த அசைவு வால்ல மூக்கை ஏத்தி இறக்குற எலிவேட்டருக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் பாக்குது. ஏஐக்கு அதெல்லாம் கிடையாது, இந்த மாக் எண்ணுல (ஒலி வேகத்தோட ஒப்பிட்ட வேகம்) இந்த ஆங்கிள் ஆஃப் அட்டாக்ல (இறக்கை காத்தைச் சந்திக்கிற கோணம்) இவ்வளவு லிஃப்ட் (தூக்குற விசை) இவ்வளவு டிராக்னு (காத்தோட எதிர்ப்பு) ரெடியா இருக்கிற அட்டவணையைப் பாத்து நகர்த்திடும். காரணம் சிபியுதான், ஒரு மிஷன்ல முப்பது நாப்பது விமானம் பறக்கும்போது எல்லாத்துக்கும் உங்க விமானத்துக்குப் போடுற கணக்கைப் போட்டா கம்ப்யூட்டர் முக்கி முனகும்.

ஆனா ஒண்ணு கவனிக்கணும், அட்டவணை தப்புன்னு அர்த்தம் இல்ல. டாப் ஸ்பீடு, ஏறும் வேகம் இதெல்லாம் கையேட்டுல உள்ள எண்ணுக்குக் கிட்டத்தான் வரும். வித்தியாசம் எல்லாம் ஓரத்துலதான் வரும், அதாவது வேகம் ரொம்பக் குறைஞ்சு இறக்கை ஸ்டாலுக்குப் பக்கத்துல நடுங்குற இடத்துல. நம்ம மிக் அங்க ஒரு பக்கமா சரியும், ஸ்பின்ல மாட்டும், ஏஐ மிக் அப்படியே கோடு போட்ட மாதிரி நிக்கும். ஏஐக்குன்னே ஜெனரல் ஃப்ளைட் மாடல்னு புதுசா ஒண்ணு செய்றதா டிசிஎஸ்ஸை உருவாக்குற ஈகிள் டைனமிக்ஸ் சொல்லியிருக்காங்க, இந்த இடைவெளியைக் குறைக்கத்தான்.

நிழல்விமானம்:

மேல சொன்னது சரி, ஆனா தயவுசெஞ்சு எல்லாத்தையும் ஃப்ளைட் மாடல் தலையில கட்டிடாதீங்க. வால்காற்று, முதல்ல மிஷன் எடிட்டரைத் திறந்து எரிபொருளைப் பாருங்க. மிக்-15 பிஸ் (மிக்-15ஓட மேம்பட்ட வகை) உள் டேங்க் முழுசா இருந்தா சுமார் 1,400 லிட்டர், எடையில ஆயிரம் கிலோவுக்கு மேல. கிட்டத்தட்ட அஞ்சு டன் விமானத்துல நீங்க முழு டேங்க், அவன் பாதி டேங்க்னா உங்க முதுகுல மட்டும் அரை டன்னுக்கு மேல கூடுதல் சுமை. பத்து சதவீதம் எடை வித்தியாசம்ங்கிறது சண்டையில சின்ன விஷயமே இல்ல.

அடுத்தது நீங்க இழுக்கிற இழுப்பு. ஒரே வேகத்துல 4 ஜி (புவியீர்ப்பைப் போல நாலு மடங்கு) இழுத்தா, லிஃப்ட்னால வர்ற டிராக் நேரா பறக்கும்போது இருக்கிறதைப் போல 16 மடங்கு ஆகும், ஏன்னா அது ஜியோட வர்க்கத்துல ஏறுது. வேகத்தை உயரமா மாத்திப் பாருங்க புரியும்: செகண்டுக்கு 250 மீட்டர் வேகம்னா அது கிட்டத்தட்ட 3,200 மீட்டர் உயரத்துக்குச் சமமான எனர்ஜி, 150 மீட்டர்னா 1,150 கூட வராது. அப்ப சுத்துறப்போ ஆவேசமா இழுத்து அந்த 100 மீட்டரைத் தொலைச்சீங்கன்னா 2,000 மீட்டர் உயரத்தைத் தொலைச்ச கணக்கு, அதுக்கப்புறம் அவன் பின்னாடி செங்குத்தா போனா எப்படி எட்டும்? ஏஐ எங்கயும் தேவைக்கு மேல இழுக்காது, அதுக்குக் கோபமும் வராது பதட்டமும் வராது. சறுக்கலைக் காட்டுற கருவியில பந்து நடுவுல இருக்கா பாருங்க, ரட்டர் சரியில்லாம பக்கவாட்டுல சறுக்கிக்கிட்டே ஏறினா அதுவும் டிராக்தான்.

பறந்த பதிவை அலசுற டாக்வியூ மென்பொருள்ல ரெக்கார்டிங்கைப் போட்டு ரெண்டு விமானத்தோட வேகம், உயரம், ஜி மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்க, அப்புறம் பேசுவோம்.

முகில்வழி:

ஒரே ஃப்ளைட் மாடல் குடுத்தாலும் ஏஐ வேற மாதிரிதான் பறக்கும்ங்கிறதையும் சேத்துக்கங்க. ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ்ங்கிற இன்னொரு சிமுலேட்டர்ல ஏஐக்கும் நமக்கும் ஒரே மாடல்தான், அதனாலதான் அங்க ஒரே நேரத்துல நிறைய விமானம் விட்டா கம்ப்யூட்டர் திணறும். 2020 ஆகஸ்ட்ல அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா நடத்துன ஆல்ஃபாடாக்ஃபைட் வான்சண்டைப் போட்டி ஞாபகம் இருக்கா? ஹெரான் சிஸ்டம்ஸ்ங்கிற நிறுவனத்தோட ஏஐ ஒரு அனுபவமுள்ள எஃப்-16 பைலட்டை 5-0ன்னு ஜெயிச்சுது, அங்க ரெண்டு பேருக்கும் ஒரே எஃப்-16 மாடல்தான். ஆனா ஏஐக்கு எதிரி எங்க இருக்கான், எவ்வளவு வேகம்னு எல்லாம் துல்லியமா எண்ணாவே கைக்கு வந்துடும், கழுத்தைத் திருப்பித் தேட வேண்டியதே இல்ல. நேருக்கு நேரா வர்றப்போ நிஜப் பயிற்சியில பாதுகாப்புக்காகத் தவிர்க்கிற சுடுதலைக்கூட அது கொஞ்சமும் தயங்காம சுட்டுச்சு. நமக்கு ஜி ஏறினா திரை இருட்டும், சூரியன் கண்ணுல அடிச்சா எதிரியைத் தொலைப்போம், ரேடியேட்டரைப் பாக்கணும், மிக்ஸ்சரைப் பாக்கணும். இந்தச் சுமை எல்லாத்தையும் நிரல் எழுதுறவங்க மெனக்கெட்டு ஏஐ மேல ஏத்தினாத்தான் அதுக்கும் இருக்கும், இல்லன்னா கிடையாது.

சைடுஸ்டிக்:

சேபர்ல போனா அவனோட மேல ஏறாதீங்க, நிஜத்துல சேபர் பைலட்டுங்களும் அந்தப் போட்டிக்குப் போகல. சேபரோட பலம் வேகத்துல இருக்கு. மிக்-15 மாக் 0.92 தாண்டினா ஏர்பிரேக் தானாவே திறந்துக்கும், ஸ்டிக்கும் இறுகிப் போகும், சேபருக்கு ஹைட்ராலிக் கண்ட்ரோல் இருக்கிறதால அந்த வேகத்துலயும் வளைஞ்சு குடுக்கும். அவன் மேல போறப்போ நீங்க மூக்கைத் தாழ்த்தி வேகம் சேத்துக்கிட்டு தூரமா விலகிப் போங்க, பெரும்பாலும் துரத்திக்கிட்டு கீழ வருவான்.

வால்காற்று:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மூணு நாள் உக்காந்து பாத்தேன். நிழல்விமானம் சொன்னது அப்படியே நடந்திருக்கு, என் மிக்ல முழு எரிபொருள், அவன் மிக்ல பாதி, இது தெரியாமயே இவ்வளவு நாள் மோதிட்டு இருந்திருக்கேன். ரெண்டையும் ஒரே அளவுக்கு வெச்சு, சுத்துறப்போ இழுப்பைக் குறைச்சு, பந்தை நடுவுல வெச்சு ஏறினப்போ முதல் தடவையா அவன் பின்னாடியே பாதி தூரத்துக்கு மேல போக முடிஞ்சுது, அந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சேபர்லயும் விலகிப் போய்ப் பாத்தேன், அஞ்சு தடவைல மூணு தடவை கீழ இறங்கி வந்தான், ரெண்டு தடவை சுட்டு வீழ்த்திட்டேன்.

ஆனா மிச்சம் ஒண்ணு இருக்கு. டாக்வியூல பாத்தா ஏறி முடிக்கிற இடத்துல அவன் வேகம் 100 நாட் (மணிக்கு சுமார் 185 கிலோமீட்டர்) அளவுக்கும் கீழ போயிடுது, அப்பவும் இறக்கை கொஞ்சம்கூட சாயல, மூக்கு வேணும்ங்கிற பக்கம் திரும்புது. அதே எடை, அதே உயரத்துல நான் பத்து தடவை முயற்சி பண்ணேன், பத்து தடவையும் ஒரு பக்கம் சரிஞ்சு விழுந்தேன். சைடுஸ்டிக் சொன்ன ஓரம் இதுதான்னு நினைக்கிறேன். ரெண்டு ரெக்கார்டிங்கையும் மிஷன் ஃபைலையும் சேத்து பக் ரிப்போர்ட்டா போடப் போறேன். வேற யாராவது இதே சோதனையை ஜெட் இல்லாம ப்ரொப்பெல்லர் விமானத்துல செஞ்சிருந்தா உங்க ரெக்கார்டிங்கையும் குடுங்க, சேத்து அனுப்பலாம்.