பெட்ரோல் 26 ராண்ட்: மதியச் சாப்பாட்டு விலையை எவ்வளவு ஏற்றலாம்?

சாட்ஸ்வொர்த்_சமையல்
8 ஜூலை 2022

எல்லோருக்கும் வணக்கம். கல்யாணமாகி தூத்துக்குடியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து 11 வருடம் ஆகிறது, சாட்ஸ்வொர்த்தில் வீடு. வீட்டிலேயே சமைத்து, டவுனில் நாலு அலுவலகங்களுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை 22 மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சோறு, பருப்பு அல்லது சுகர் பீன்ஸ் (ராஜ்மா மாதிரியான காய்ந்த பயறு) கறி, ஒரு காய், ரசம், வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்சம் கேசரி. ஒரு சாப்பாடு 45 ராண்ட். ஒன்றரை வருடமாக இதே விலைதான்.

புதன்கிழமை கராஜுக்கு (பெட்ரோல் பங்க்) போனால் 95 ஆக்டேன் பெட்ரோல் ஒரு லிட்டர் 26.09. போன மாதத்தைவிட 2 ராண்ட் 57 சென்ட் கூடுதல். எப்போதும் போல 500 ராண்டுக்குப் போடச் சொன்னேன், 19 லிட்டரில் மீட்டர் நின்றுவிட்டது, டாங்கில் முள் பாதியைக்கூடத் தொடவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். சமையல் எண்ணெய் உக்ரைன் சண்டை ஆரம்பித்ததிலிருந்து ஒவ்வொரு முறையும் வேறு விலை. கேஸ் ஏறிவிட்டது. உருளைக்கிழங்கு மூட்டை ஏன் ஏறியது என்று கடைக்காரரைக் கேட்டால் "டீசல்" என்ற ஒரே வார்த்தைதான் பதில்.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு உதவிக்கு க்வாமாஷுவிலிருந்து ஒரு அக்கா வருகிறார். ஒரு டாக்ஸியில் (இங்கே டாக்ஸி என்றால் பலர் சேர்ந்து போகும் வேன்) டவுனிலுள்ள வார்விக் வந்து இறங்கி, அங்கிருந்து இன்னொரு டாக்ஸி பிடித்து இங்கே வர வேண்டும். இந்த வாரம் இரண்டிலுமே ஆளுக்கு 2 ராண்ட் ஏற்றிவிட்டார்களாம். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார், பணம் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு முழுக்க எனக்கு அதே நினைப்பு.

5 ராண்ட் ஏற்றலாமா, 10 ஏற்ற வேண்டுமா? ஏற்றினால் ஆட்கள் நின்றுவிடுவார்களா? நாளைக்குப் பெட்ரோல் இறங்கினால் நானும் இறக்க வேண்டுமா? இங்கே தொழில் செய்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

என்3_லாரி
8 ஜூலை 2022

அக்கா, துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு நிறுவனத்தில் லாரிகளை அனுப்பும் வேலையில் இருக்கிறேன். டீசல் கணக்குதான் எனக்கு நாள் முழுக்க.

முதலில் அந்த உருளைக்கிழங்கு. 34 டன் ஏற்றிய பெரிய லாரி இங்கிருந்து ஜோஹன்னஸ்பர்க் வரை சுமார் 570 கிலோமீட்டர், வான் ரீனன் கணவாய் ஏற்றமும் சேர்த்து 300 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் டீசல் மொத்த விலை 2 ராண்ட் 30 சென்ட் ஏறியது. 300 லிட்டருக்கு 690 ராண்ட். அதை 34,000 கிலோவுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 2 சென்ட்தான் வருகிறது! லாரி காலியாகத் திரும்பினாலும் 4 சென்ட். 10 கிலோ மூட்டைக்கு 40 சென்ட்.

ஆனால் மார்க்கெட்டிலிருந்து உங்கள் கடைக்காரர் தன் பக்கியில் (சின்ன பிக்கப் வண்டி) அரை டன் ஏற்றிக்கொண்டு போய்வர 5 லிட்டர் ஆகிறது என்றால், அந்தச் சின்ன ஓட்டத்துக்கே கிலோவுக்கு 2 சென்டுக்கு மேல் கூடுகிறது. நாற்பது கிலோமீட்டர் பக்கி ஓட்டமும் 570 கிலோமீட்டர் லாரி ஓட்டமும் ஒரு கிலோவுக்கு ஒரே செலவு. சின்னச் சுமை, அடிக்கடி ஓட்டம், அதுதான் பணத்தைத் தின்கிறது. இதோடு பண்ணையில் டிராக்டர், தண்ணீர் மோட்டார், உரம், குளிர் அறை என்று ஒவ்வொருவரும் தன் பங்கை ஏற்றுவார்கள், அதனால் கடைக்காரர் சொல்வது பொய் என்று சொல்ல மாட்டேன். மூட்டைக்கு 10 ராண்ட் ஏற்றிவிட்டு எல்லாம் டீசல் என்றால் மட்டும் வேறு கடையிலும் கேட்டுப் பாருங்கள்.

இப்போது உங்கள் கணக்கு. டவுன் போய் நாலு இடம் சுற்றித் திரும்ப 45 கிலோமீட்டர் இருக்குமா? உங்கள் கார் நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் என்றால் நாளுக்கு 3.6 லிட்டர். இந்த மாத ஏற்றம் நாளுக்கு 9 ராண்ட் 25 சென்ட், 22 சாப்பாட்டுக்குப் பிரித்தால் 42 சென்ட். பெட்ரோல் மொத்தச் செலவே ஒரு சாப்பாட்டுக்கு 4 ராண்ட் 27 சென்ட்தான்.

அந்த அக்காவைப் பாருங்கள். நாலு டாக்ஸி, நாளுக்கு 8 ராண்ட் கூடுதல், மாதம் 22 நாள் என்றால் 176 ராண்ட். உங்கள் காருக்குக் கூடியதும் அவருக்குக் கூடியதும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் நீங்கள் 22 பேரிடம் பிரித்து வாங்கலாம். அவர் யாரிடம் வாங்குவார்? பெட்ரோல் ஏறினால் அதிகம் அடிபடுவது கார் இல்லாதவர்கள்தான், இதை நான் டிப்போவில் தினமும் பார்க்கிறேன். பெட்ரோல் அடுத்த மாதம் இறங்கும், டாக்ஸிக் கட்டணம் இறங்கி நான் பார்த்ததில்லை. விலை ஏற்றும்போது முதலில் அந்த 8 ராண்டை எடுத்து வையுங்கள் அக்கா.

மிட்ராண்ட்_வாசி
9 ஜூலை 2022

நான் உங்கள் வாடிக்கையாளர் மாதிரி ஆள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பெட்ரோல் ஏறினால் கார் ஓட்டுவதை என்னால் குறைக்க முடியாது. அலுவலகம் போயே ஆக வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் விட்டே ஆக வேண்டும், கௌட்ரெய்ன் என்ற ரயிலைப் பிடிக்க நிலையத்துக்குப் போகவே கார் தேவை. அதனால் முதலில் கைவைப்பது வெளியில் வாங்கும் சாப்பாட்டில்தான். போன மாதம் எங்கள் குழுவில் மூன்று பேர் வீட்டிலிருந்து டப்பா கட்டிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் ஜிம், அப்புறம் சனிக்கிழமை ஊர் சுற்றல். சின்னச் சின்னதாகத்தான் வெட்டுகிறோம், ஆனால் எல்லோரும் ஒரே மாதத்தில் வெட்டுகிறோம்.

ஆகவே 10 வேண்டாம். 45 ஒரேயடியாக 55 ஆனால் கண்ணில் அடிக்கும். 48 என்றால் பேசாமல் கொடுப்பார்கள். காரணத்தையும் சொல்லிவிடுங்கள், உதவியாளருக்கு டாக்ஸிப் பணம் என்று சொன்னால் நான் கட்டாயம் கொடுப்பேன், "எல்லாம் ஏறிவிட்டது" என்றால் யோசிப்பேன்.

என்னைப் போல ஹௌடெங்கில் (ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் மாகாணம்) இருக்கும் நண்பர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே 95 இந்த மாதம் 26.74, 93 ஆக்டேன் போட்டால் 26.31. உயரமான இடம் என்பதால் பல கார்களுக்கு இங்கே 93 போதும். காரின் கையேட்டில் பார்த்துவிட்டுப் போடுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம்.

டோங்காட்_ஆயா
10 ஜூலை 2022

கண்ணு, நீ எழுதியதைப் பேத்தி வாசித்துக் காட்டினாள். டாக்ஸி விஷயத்தில் அந்தத் தம்பி சொன்னது சரி. நான் தையல் ஆலைக்குப் பஸ்ஸில் போன காலத்தில் கட்டணம் ஏறிய வாரமெல்லாம் வீட்டில் இறைச்சி இருக்காது.

இங்கே டோங்காட்டில் எங்களுக்கு இப்போது தண்ணீருக்கே பெட்ரோல் வேண்டியிருக்கிறது. ஏப்ரல் வெள்ளத்தில் சுத்திகரிப்பு நிலையம் போனதிலிருந்து குழாயில் ஒரு சொட்டு இல்லை. தண்ணீர் லாரி வராத நாளில் மகன் காரில் கேன்களை ஏற்றிக்கொண்டு வெருலம் போகிறான். அதனால் பக்கத்து மூன்று வீடும் சேர்ந்து முறை வைத்துக்கொண்டோம், ஒரு நாள் ஒரு கார், எல்லோருடைய கேனும் அதில். கடைக்கும் அப்படியே, சனிக்கிழமை ஒரே ஒரு தடவை. அரிசியும் பருப்பும் பெரிய மூட்டையாக வாங்கி எங்கள் கொல்லையில் வைத்துப் பிரித்துக்கொள்கிறோம். கோயிலுக்கும் ஒரு காரில் ஐந்து பேர்.

உனக்கு நான் சொல்ல வந்தது கேஸ். சுகர் பீன்ஸை அடுப்பில் இரண்டு மணி நேரம் வைக்கிறாயா? வைக்காதே. ராத்திரி ஊறப்போடு. காலையில் தண்ணீர் மாற்றி, மூடி போட்டு, நன்றாகத் தளதளவென்று இருபது நிமிடம் கொதிக்கவிடு. இறக்கின சூட்டோடு பானையைப் பழைய துண்டில் சுற்றி, அதன்மேல் கம்பளி சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, சுற்றிலும் தலையணையைச் செருகிவிடு. இடையில் திறந்து பார்க்கக் கூடாது. நாலு மணி நேரத்தில் விரலால் அழுத்தினால் மாவாகும். அப்புறம் திரும்ப ஒரு கொதி விட்டுத் தாளித்துக் கொட்டு. பானை நிறைய இருந்தால்தான் சூடு நிற்கும், அரைப் பானைக்கு இது சரிவராது.

காயைப் பொறுத்தவரை, முருங்கைக்கீரை யார் வீட்டிலாவது சும்மா நிற்கும், கேட்டுப் பார். மடும்பி (சேப்பங்கிழங்கு) கிடைக்கும் மாதத்தில் உருளைக்கிழங்கை விடு.

சாட்ஸ்வொர்த்_சமையல்
10 ஜூலை 2022

ஆயா, நீங்கள் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். தம்பி, ஒரு சந்தேகம். டர்பனிலேயே எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைகள் இருக்கும்போது நமக்கு ஏன் இந்த விலை? அப்புறம் விலை குறைவான கராஜ் ஏதாவது இருக்கிறதா?

என்3_லாரி
11 ஜூலை 2022

இரண்டு ஆலைகளும் இப்போது ஓடவில்லை அக்கா. ஒன்று 2020 டிசம்பரில் வெடித்துத் தீப்பிடித்த பிறகு நின்றது, இன்னொன்றை இந்த மார்ச் கடைசியில் நிறுத்தினார்கள். ஓடிய காலத்திலும் விலை ஒன்றும் மலிவாக இருந்ததில்லை, ஏனென்றால் இங்கே அடிப்படை விலையையே வெளிநாட்டிலிருந்து கப்பலில் இறக்கினால் என்ன ஆகுமோ அப்படித்தான் போடுகிறார்கள். ஆகவே உலகச் சந்தை விலையும் டாலருக்கு எதிரான ராண்டும் சேர்ந்து மாதத்தின் முதல் புதன்கிழமை நம் தலையில் இறங்கும். அதன்மேல் எரிபொருள் வரி, சாலை விபத்து நிதிக்கு லிட்டருக்கு 2 ராண்ட் 18 சென்ட். ஏப்ரலிலிருந்து வரியில் 1 ராண்ட் 50 சென்ட் தள்ளுபடி கொடுத்தார்கள், இந்த மாதம் அது 75 சென்டாகப் பாதியாகிவிட்டது. புதன்கிழமை நீங்கள் பார்த்த ஏற்றத்தில் அந்தப் பாதியும் சேர்ந்திருக்கிறது. ஆகஸ்ட் வந்தால் மீதியும் போய்விடும்.

மலிவான கராஜ் தேடி அலைய வேண்டாம். பெட்ரோல் சில்லறை விலையை அரசு நிர்ணயிக்கிறது, டர்பனில் எங்கே போட்டாலும் ஒரே விலை. டீசலுக்குத்தான் சில்லறை விலைக் கட்டுப்பாடு இல்லை, கராஜுக்குக் கராஜ் மாறும். பக்கி வைத்திருக்கும் உங்கள் கடைக்காரருக்கு இதைச் சொல்லுங்கள், விசாரித்துப் போட்டால் அவருக்கு மிச்சம்.

சாட்ஸ்வொர்த்_சமையல்
5 ஆகஸ்ட் 2022

என்ன ஆனது என்று சொல்ல வந்தேன்.

48 ஆக்கினேன். ஒவ்வொரு டப்பாவோடும் ஒரு துண்டுச் சீட்டு வைத்து, உதவியாளரின் டாக்ஸிப் பணம், பெட்ரோல், எண்ணெய், இந்த மூன்றுக்கும் 3 ராண்ட் என்று எழுதினேன். இரண்டு பேர் நின்றார்கள், அதில் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் திரும்ப வாங்குகிறார். அலுவலகங்களின் வரிசையை மாற்றி, கடைசி இரண்டு இடத்துக்கும் ஒரே இடத்தில் காரை நிறுத்தி நடந்து கொடுக்கிறேன். கேசரியை மட்டும் மூன்று வாரம் நிறுத்த வேண்டியிருந்தது.

டாக்ஸிப் பணத்தை அந்த அக்காவுக்கு வாரக் கடைசியில் சேர்த்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவர்தான் தினமும் வேண்டும் என்றார், திங்கள்கிழமை காலையில் கையில் சில்லறை இல்லாததுதான் தனக்குக் கஷ்டம் என்று. எனக்கு அது தோன்றவே இல்லை. இப்போது தினமும் கிளம்பும்போது 8 ராண்டை எண்ணி அவர் கையில் கொடுக்கிறேன்.

புதன்கிழமை பெட்ரோல் 1 ராண்ட் 32 சென்ட் இறங்கி 24.77 ஆகிவிட்டது. விலையைக் குறைக்கலாமா என்று தம்பி சொன்ன மாதிரியே கணக்குப் போட்டேன், ஒரு சாப்பாட்டுக்கு 20 சென்ட் சொச்சம் வருகிறது. டாக்ஸி இறங்கவில்லை. அதனால் 48 அப்படியே இருக்கட்டும், கேசரியைத் திரும்பக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இன்றைக்குக் கொடுத்தாயிற்று.

ஆயா, பெட்டிக்குள் பீன்ஸ் அருமையாக வெந்துவிடுகிறது, ஒரு கேஸ் சிலிண்டர் இந்த முறை ஆறு நாள் கூடுதலாக வந்தது. கொண்டைக்கடலைக்கும் இருபது நிமிடக் கொதி போதுமா, இன்னும் வேண்டுமா?