கடவுச்சொல்லைக் கொடுத்தால் சம்மதம் என்று அர்த்தமா?

வேப்பம்பூ:
காதலர்கள் இணையத்தில் ஒருவரையொருவர் எவ்வளவு துன்புறுத்துகிறார்கள் என்று அளக்க, ஸ்பெயினில் எரிக்கா பொராஹோ குழுவினர் 2015இல் 20 கேள்விகள் கொண்ட வினாத்தாளை வெளியிட்டார்கள். 'நான் செய்தேன்', 'எனக்கு நடந்தது' என்று இரண்டு பக்கமும் கேட்பார்கள். மிரட்டல், அவமதிப்பு ஒரு பிரிவு; வேவு பார்ப்பது இன்னொன்று. எத்தனை தடவை நடந்தது என்பதுதான் விடை.

எனக்கு அங்கேதான் உடன்பாடில்லை. "இந்தப் படத்தை உங்க அப்பாவுக்கு அனுப்பிடுவேன்" என்று ஒருவன் ஒரே ஒரு தடவை சொல்கிறான். அதற்கப்புறம் அவன் வாயே திறக்க வேண்டாம், அவள் வருஷம் முழுக்க அடங்கிக் கிடப்பாள். தாளில் அது வெறும் 'ஓரிரு தடவை'. வாட்ஸப்பில் அவள் கடைசியாக எப்போது வந்தாள் என்று தினமும் பார்க்கிறவனுக்கு அதைவிடப் பெரிய எண் விழும்! எத்தனை தடவை என்றல்ல, எவ்வளவு பயந்தாள் என்றுதான் கேட்க வேண்டும்.

அளவுகோல்:
எண்ணாமல் எப்படிங்க பிடிப்பது? 1979இல் அமெரிக்காவில் முர்ரே ஸ்ட்ராஸ் வெளியிட்ட குடும்ப வன்முறை அளவீட்டில் 'தள்ளினாரா, அறைந்தாரா' என்று செயல்களைத்தான் கேட்டார். 'கொடுமைப்படுத்துகிறாரா' என்று கேட்டால் பலர் இல்லை என்றே சொல்லிவிடுவார்கள். நான் கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருந்தவன். மணிக்கொருமுறை லொகேஷன் அனுப்பச் சொல்லும் பையனை "என் மேல அவ்வளவு அக்கறை சார்" என்று ஒரு பெண் சொன்னாள். பயமா என்று கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணச் சொன்னபோதுதான் அவள் முகம் மாறியது.

மழைக்காலம்:
சார், அந்தத் தாளில் இன்னொரு கேள்வி உண்டு: உங்கள் கடவுச்சொல்லை வைத்து அனுமதியில்லாமல் செய்திகளைப் பார்த்தாரா? நான் 'இல்லை' என்றுதான் எழுதியிருப்பேன். நானே கொடுத்தேனே. கொடுக்காத அன்று ராத்திரி இரண்டு மணி வரைக்கும் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அது அனுமதியா?

அளவுகோல்:
இல்லை. அந்தக் கேள்வி உங்களைத் தவறவிட்டுவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயத்தை மட்டும் கேட்கலாம் என்பதை ஏற்கமாட்டேன். துணையை அடக்கி ஆள்வதைக் குற்றமாக்கிய இங்கிலாந்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் பயத்தைத்தான் பார்க்கிறது. அதுவும் வன்முறை வருமோ என்று குறைந்தது இரண்டு தடவையாவது பயந்திருக்க வேண்டும் என்கிறது. பார்த்தீர்களா, எண்ணிக்கை!

வேப்பம்பூ:
அதே பிரிவைப் பாதியில் விடாதீர்கள். கடும் கலக்கத்தால் அன்றாட வாழ்க்கை பெரிதும் பாதிக்கப்பட்டாலும் குற்றம்தான், அங்கே 'இரண்டு தடவை' கிடையாது.

மழைக்காலம்:
"கொடுக்கமாட்டேன்னு சொல்லியிருந்தா என்ன நடந்திருக்கும்?" இப்படி ஒரு கேள்வி இருந்திருந்தால் நான் ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

அளவுகோல்:
அதைச் சேர்க்கலாம். ஆனால் அந்த இரண்டு மணி அழைப்புகள் எத்தனை என்றும் பக்கத்திலேயே கேட்பேன்.