இத்தாலியர்கள் பழைய பயத்தையும் வருத்தத்தையும் எப்படிச் சொல்கிறார்கள்: உங்கள் காதில் விழுந்தது என்ன?

பொலோஞ்ஞாவில் எங்கள் கீழ்வீட்டு சிஞ்ஞோரா 2012 மே மாத நிலநடுக்கத்தைப் பற்றி இன்றும் பேசுவார். எமிலியா பகுதியை 20ஆம் தேதி விடியற்காலையிலும் 29ஆம் தேதி காலையிலும் உலுக்கியதே, அதுதான். கதை எப்போதும் "தோர்மீவோ" என்றுதான் தொடங்கும். தூங்கிக்கொண்டிருந்தாராம், வீடு ஆடிக்கொண்டிருந்ததாம், தெருநாய் குரைத்துக்கொண்டிருந்ததாம். எல்லாம் இம்பெர்ஃபெத்தோ, அதாவது அப்போது நடந்துகொண்டிருந்ததைச் சொல்லும் இறந்தகாலம். அப்புறம் நெஞ்சில் கை வைத்து "ஓ அவூத்தோ உனா பவூரா!", அப்படிப் பயந்துபோனேன், என்பார். அந்த இடத்தில் மட்டும் பஸ்ஸாதோ ப்ரோஸ்ஸிமோ, நடந்து முடிந்ததைச் சொல்லும் இறந்தகாலம். பயம் வந்தது, ஆளை உலுக்கியது, போய்விட்டது.

அதையே இம்பெர்ஃபெத்தோவில் "அவேவோ பவூரா" (பயமாக இருந்தது) என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள், எதிரில் இருப்பவர் "எ போய்?" (அப்புறம்?) என்று மீதிக் கதைக்குக் காத்திருப்பார். பயமாக இருந்தது, பயந்தே போய்விட்டேன் என்று நாமும் பிரித்துத்தானே பேசுகிறோம்! உணர்ச்சி என்றாலே இம்பெர்ஃபெத்தோ என்று சில பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. பாதிதான் சரி.

---

நான் இருப்பது சிசிலியில், பலெர்மோவில். இங்கே மூன்றாவதாக ஓர் இறந்தகாலமும் பேச்சில் புழங்குகிறது. 1968 ஜனவரியில் பெலிசே பள்ளத்தாக்கு ஊர்கள் நிலநடுக்கத்தில் இடிந்தபோது சிறுவனாக இருந்த ஒருவர் அந்த இரவைச் சொன்னார்: "மி ஸ்பவென்தாய்", பயந்துபோனேன். இது பஸ்ஸாதோ ரெமோத்தோ, எப்போதோ முடிந்துபோனதைச் சொல்லும் காலம். உணர்ச்சி கூடினால் "மி ஸ்கந்தாய்" என்று சிசிலிச் சொல்லுக்கே போய்விடுவார். வடக்கில் இந்தக் காலத்தைப் பெரும்பாலும் கதைகளிலும் வரலாற்றுப் பாடத்திலும்தான் பார்க்கலாம். ஐம்பது வருடத்துக்கு முந்தைய பயமும் அங்கே "மி சோனோ ஸ்பவென்தாத்தோ"தான். பலெர்மோவிலோ இன்று காலையில் நடந்ததற்குக்கூட ரெமோத்தோ வரும். மிலானிலிருந்து வருகிறவர்கள் கொஞ்சம் விழிப்பார்கள்.

---

பயத்தை விடுங்கள், எனக்குப் பிடித்தது "ச்சி சோனோ ரிமாஸ்தா மாலே". பெண் சொன்னால் ரிமாஸ்தா, ஆண் சொன்னால் ரிமாஸ்தோ. கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை, பிறந்தநாளை மறந்துவிட்டார்கள், நம் சமையலைத் தொடாமல் எழுந்து போனார்கள் என்றால் இதுதான் வரும். கோபம் என்று சொல்லவில்லை, யார் மேலும் பழி போடவில்லை, மனசு சங்கடப்பட்டுப் போச்சு என்கிற அளவுதான். நான் வேலை பார்க்கும் சமையலறையில் ஒருவர் இதைச் சொன்னால் திட்டிக்கொண்டிருந்தவரும் உடனே குரலைத் தாழ்த்தி "ஸ்கூசா" என்பார். "மி சோனோ அர்ரபியாதோ", அதாவது எனக்குக் கோபம் வந்துவிட்டது என்று சொன்னால், பதிலுக்கு இன்னொரு சண்டைதான் கிடைக்கும்.