கருமுடியில் வேர்ப்பகுதிக்கு மட்டும் பளீர் பிங்க்: எந்த ஷேடு, எப்படிப் பராமரிப்பது?

மைக்கூந்தல்

எல்லோருக்கும் வணக்கம். என் முடி நல்ல கருப்பு, தோளுக்குக் கீழே வரை இருக்கிறது. வேரிலிருந்து நாலு விரல் அகலத்துக்குப் பளீரென்று பிங்க் அடித்துவிட்டு, மீதி நீளத்தை அப்படியே கருப்பாக விட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. எல்லோரும் நுனிக்குத்தான் கலர் செய்கிறார்கள், எனக்கு அது தலைகீழாக வேண்டும். வகிடு எடுத்தால் இரண்டு பக்கமும் பிங்க் தெரிய வேண்டும், கொண்டை போட்டால் நெற்றியைச் சுற்றி வட்டமாக வர வேண்டும், விரித்துவிட்டால் கருப்புக்கு மேலே அது மட்டும் எரிகிற மாதிரி இருக்க வேண்டும்.

காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் கற்றையில் செமி பெர்மனென்ட் பிங்க்கை (அலச அலச மங்கிப்போகிற சாயம்) நேரடியாகப் போட்டுப் பார்த்தேன். வெயிலில் நின்றால் லேசான சிவப்பு மினுமினுப்பு, உள்ளே வந்தால் ஒன்றுமே இல்லை. ஆகவே பிளீச் பண்ணாமல், அதாவது முடியின் கருப்பை வெளுக்காமல், நடக்காது என்று தெரிகிறது. நீளத்தில் பழைய கருப்புப் பெட்டிச் சாயம் இருக்கிறது, வேர்ப்பகுதியில் இதுவரை எதுவும் பட்டதில்லை.

எந்த ஷேடு கருப்புக்குப் பக்கத்தில் நன்றாக நிற்கும்? எவ்வளவு தூரம் வெளுக்க வேண்டும்? அப்புறம் முக்கியமாக, வேர் வளர ஆரம்பித்தால் என்ன செய்வது?

சாயக்கிண்ணம்

நான் கலர் வேலையில் இருப்பவள், அதனால் நீங்கள் கடைசியாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஷேடு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வளர்ச்சியை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை மட்டும் பிளீச் தொடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. முதல் 1.25 செ.மீ. வரை வளரும். நுனியில் வைத்த கலர் மங்குமே தவிர, அது நகர்வது கண்ணில் படாது. வேரில் வைத்தது அப்படியில்லை, சில வாரங்களிலேயே தலைத்தோலுக்கும் பிங்க்குக்கும் நடுவில் ஒரு கருப்புக் கோடு வந்துவிடும். நாலு மாதம் சும்மா விட்டால் நாலைந்து செ.மீ. கருப்பு, அதற்குக் கீழே பிங்க் பட்டை, அதற்கும் கீழே மறுபடி கருப்பு. இது பிடித்தால் ஒரு பிரச்சினையும் இல்லை, பட்டை இறங்க இறங்க அப்படியே விட்டுவிடலாம், சிலருக்கு ரொம்ப அழகாகவே இருக்கும்.

எப்போதும் வேரில்தான் பிங்க் வேண்டும் என்றால் வேலை இரண்டு முனையிலும் இருக்கிறது. மேலே புதிதாக வந்த கருப்பை மட்டும் நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள் வெளுத்துப் பிங்க் போட வேண்டும். கீழ் ஓரத்தில் அதே அளவு பிங்க்கை அடர் பழுப்பாலோ கருப்பாலோ மூட வேண்டும், இல்லாவிட்டால் நாலு விரல் பட்டை ஒரு வருடத்தில் பாதித் தலையாகிவிடும். இந்தக் கீழ் ஓரத்தைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. இதில் ஒரு பெரிய நல்லதும் இருக்கிறது: ஒழுங்காகச் செய்தால் ஒவ்வொரு அங்குல முடியும் வாழ்நாளில் ஒரு முறை மட்டுமே பிளீச் பார்க்கும், அப்புறம் பிங்க்காக இருந்து கருப்பாகிக் கீழே போய்விடும். தலை முழுக்க கலர் செய்து திரும்பத் திரும்ப வெளுக்கிறவர்களின் நுனி படுகிற பாடு உங்கள் முடிக்கு வராது.

மூடுவதற்கு அம்மோனியா இல்லாத டெமி பெர்மனென்ட் சாயம் போதும், அது செமியைவிட அதிக நாள் நிற்கும், நிரந்தரச் சாயம் அளவுக்கு நிற்காது. அடியில் கொஞ்சம் பிங்க் மிச்சம் இருக்கும்போதே மூடுங்கள். வெளுத்த மஞ்சள் முடி மேல் சாம்பல் சாயல் உள்ள பழுப்பைப் போட்டால் பச்சை அடிக்கும், பிங்க்கில் உள்ள சிவப்பு அதைத் தடுக்கும்.

இனி பிளீச். வேர் எதுவும் படாத முடி என்பது உங்கள் அதிர்ஷ்டம். தலைத்தோலில் படுகிற இடத்துக்கு 20 வால்யூம் டெவலப்பர் (பிளீச் பவுடரோடு கலக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு), அதாவது 6 சதவீதம், அதற்கு மேல் வேண்டாம். 30, 40 வால்யூம் சீக்கிரம் வெளுக்கும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், தோல் வெந்துவிடும். தலைச்சூட்டால் வேரை ஒட்டிய ஒரு செ.மீ. முடி மற்ற இடத்தைவிட வேகமாக வெளுக்கும். அதனால் முதல் தடவை நாலு விரல் அகலத்தின் கீழ்ப்பகுதிக்கு முதலில் பூசி, அது ஆரஞ்சு தாண்டி நகர ஆரம்பித்த பிறகு புதிதாகக் கலந்த பிளீச்சை வேரை ஒட்டிய பகுதிக்குப் பூசுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பூசினால் மேலே மஞ்சள், கீழே ஆரஞ்சு என்று இரண்டு கோடு விழும். ஆறு வாரத்தைத் தாண்டி வேரை வளரவிடக் கூடாது என்று சொல்வதற்கும் இதுதான் காரணம், அந்தச் சூடு எட்டாத தூரத்துக்கு முடி போய்விட்டால் சமமாக வெளுக்காது.

கற்றைகளை மெலிதாக எடுங்கள், பின்னால் இருக்கிற ஆள் தெரிகிற அளவுக்கு மெலிதாக. கீழ் ஓரத்தை நேர்கோடாக முடிக்காமல் பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்துவிட்டால் பிங்க்கும் கருப்பும் ஒன்றுக்குள் ஒன்று கரையும். நீளத்தில் பெட்டிச் சாயம் இருக்கிறது என்கிறீர்கள், அதன்மேல் பிளீச் சொட்டினால் துருப்பிடித்த நிறத்தில் திட்டு விழும், ஒவ்வொரு கற்றைக்கும் கீழே ஃபாயில் வைத்துக்கொள்ளுங்கள்.

48 மணி நேரம் முன்னதாகப் பேட்ச் டெஸ்ட் (தோலில் கொஞ்சம் தடவி ஒவ்வாமை வருகிறதா என்று பார்ப்பது) கட்டாயம். பிளீச் பவுடரில் பெர்சல்ஃபேட் என்ற வெளுக்கும் உப்பு இருக்கிறது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு இழுக்கலாம், ஜன்னலைத் திறந்துவையுங்கள். ஓரிரு நாள் தலைக்குக் குளிக்காமல் விட்டால் தோலில் உள்ள எண்ணெய்ப் பசை கொஞ்சம் காப்பாற்றும். கூச்சம், லேசான அரிப்பு வரலாம், எரிச்சல் வந்தால் நிறம் எங்கே நின்றாலும் சரி, உடனே கழுவிவிடுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கிற அதிகபட்ச நேரத்தை ஒரு நிமிடம்கூடத் தாண்டாதீர்கள்.

மழைமேகம்

ஷேடு பற்றி நான் சொல்கிறேன், எனக்குப் பல வருடமாக இதே பைத்தியம்.

பிங்க்கில் இரண்டு சாதி. ஒன்று நீலம் கலந்தது: மெஜந்தா, ஃபுக்‌ஷியா, ஹாட் பிங்க் எல்லாம் இதில் வரும். இன்னொன்று மஞ்சள் பக்கம் சாய்ந்தது: கோரல், சால்மன், பீச். கருமுடியை வெளுக்கும்போது சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெளிர்மஞ்சள் என்ற வரிசையில்தான் மேலே வரும், நீங்கள் போட்டுப் பார்த்த செமி பெர்மனென்ட் சாயங்கள் கண்ணாடித்தாள் மாதிரி, அடியில் இருக்கிற நிறம் தெரியத்தான் செய்யும். மஞ்சள் முடி மேல் சாதாரண பிங்க் போட்டால் கோரல் ஆகிவிடும், நீலம் கலந்த பிங்க் போட்டால் அந்த நீலம் மஞ்சளை அடக்கி உண்மையான பிங்க்காக நிற்கும். கருப்புக்குப் பக்கத்தில் பளீரென்று தெரிய வேண்டும் என்றால் என் கருத்தில் இதற்கு மாற்றே இல்லை. மாநிறம், கருநிறத் தோலுக்கு ஃபுக்‌ஷியா கொடுக்கிற எடுப்பை வேறு எந்த பிங்க்கும் கொடுக்காது.

முடி எவ்வளவு வெளிறியிருக்கிறது என்று சொல்கிற நிற அளவில் கருப்பு என்றால் லெவல் 1, வெளிர்மஞ்சள் லெவல் 10. அடர் மெஜந்தாவுக்கு லெவல் 7, 8 போதும். மேனிக் பேனிக் என்ற பிராண்டின் ஹாட் ஹாட் பிங்க் மாதிரி நியான் அடிக்கிற ஷேடுக்கு 9 வேண்டும். பேஸ்டல் (மிக வெளிர்) பிங்க்குக்கு 10 வேண்டும், அதை வேரில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கருப்பிலிருந்து அவ்வளவு தூரம் இழுப்பது முடிக்குக் கொடுமை, கிடைக்கிற கலரும் சில அலசலில் போய்விடும். ஆர்க்டிக் ஃபாக்ஸ் என்ற பிராண்டின் வர்ஜின் பிங்க் அடர்த்தியாக, நீலப் பக்கம் இருக்கும், 8-இல் நின்றுபோன முடிக்கு அது நன்றாகப் பிடிக்கும்.

ஆசைப்படுகிற பிங்க்கைவிட ஒரு படி அடர்த்தியானதை எடுங்கள். முதல் வாரம் கொஞ்சம் அதிகமாகத் தெரியும், அப்புறம் நீங்கள் நினைத்த நிறத்துக்கு வந்து அங்கே கொஞ்ச நாள் நிற்கும். ஆரஞ்சிலேயே நின்றுவிட்டால் அன்றைக்கே மறுபடி பிளீச் வேண்டாம், அதன்மேல் அடர் மெஜந்தா போட்டுவிட்டு, முடி திடமாக இருந்தால் சில வாரம் கழித்து யோசிக்கலாம்.

இந்தச் சாயத்தில் டெவலப்பர் கலக்கக் கூடாது. பிளீச்சை ஷாம்பு போட்டுக் கழுவி, கண்டிஷனர் போடாமல், முடியை நன்றாகக் காயவைத்துப் பூசுங்கள். கண்டிஷனர் படிந்த முடியில் சாயம் ஒட்டாது. நெற்றி ஓரத்திலும் காதிலும் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள். தலைத்தோல் எரிகிறது என்றால் சாயத்தை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள், மஞ்சள் வேரோடு இரண்டு நாள் இருந்தால் ஒன்றும் ஆகாது.

மைக்கூந்தல்

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கீழ் ஓரத்தை மூட வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, சாயக்கிண்ணம் அக்கா சொன்ன பிறகுதான் முழுப் படமும் புரிகிறது. மெஜந்தா என்று முடிவு செய்துவிட்டேன். இன்னொரு சந்தேகம், நான் தினமும் உடற்பயிற்சி செய்கிறவள், வேரில்தான் வியர்வை அதிகம். அடிக்கடி தலைக்குக் குளிக்காமல் இருக்க முடியாது. அப்படியானால் கலர் நிற்குமா?

ஈரத்துண்டு

நிற்கும், ஆனால் குளிக்கிற விதத்தை மாற்ற வேண்டும் தோழி. ஷாம்பு வாரத்துக்கு இரண்டு முறை, சல்ஃபேட் இல்லாதது. மற்ற நாள் வியர்த்தால் வெறும் தண்ணீரில் வேரை விரலால் தேய்த்து அலசினால் உப்பு போய்விடும், வேண்டுமானால் கொஞ்சம் கண்டிஷனர் மட்டும். தண்ணீர் குளிர்ந்ததாக இருக்கட்டும். இந்தச் சாயம் முடியின் மேல் அடுக்குகளில்தான் தங்குகிறது, உள்ளே போய் வேதிமாற்றம் எதுவும் செய்வதில்லை, வெந்நீர் பட்டால் தானாகவே வெளியே வரும். முதல் சில அலசலில் குளியலறைத் தரை முழுக்க பிங்க்காக ஓடும், பயப்படாதீர்கள், அது ஒட்டாமல் மிஞ்சிய சாயம். ஓடுகளின் இடுக்கில் தேங்கவிடாமல் உடனே தண்ணீர் ஊற்றிவிடுங்கள், காய்ந்தால் போகாது.

கலரைக் காப்பாற்றுகிற ஒரே விஷயம் என்று கேட்டால் நான் கண்டிஷனர் கலவையைத்தான் சொல்வேன். வெள்ளை நிறக் கண்டிஷனரில் உங்கள் மெஜந்தாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஆசைப்படுகிற நிறத்துக்கு வரும்வரை கலக்கி டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை கையுறை போட்டு வேரில் தடவிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு அலசினால், மங்க மங்க நிறம் திரும்பிக்கொண்டே இருக்கும். பிளீச் மாதிரி இது முடியைக் கெடுக்காது, எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம்.

தலையணை உறையும் துண்டும் அடர்நிறத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஈரத் தலையோடு படுக்கவே வேண்டாம். உடற்பயிற்சியின்போது கட்டுகிற பட்டையும் கருப்பாக இருக்கட்டும், வியர்வையில் ஊறி நெற்றியில் பிங்க் இறங்கும். எண்ணெய் தேய்க்கிற பழக்கம் இருந்தால் நுனிப் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், வேரில் தேய்த்து ஊறவைத்தால் கலரையும் சேர்த்து இழுத்துவிடும். நீச்சல் குளத்தில் இறங்குவதற்கு முன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்துக் கண்டிஷனர் பூசித் தொப்பி போட்டுக்கொண்டால் குளோரின் உள்ளே போவது குறையும். ஸ்ட்ரெய்ட்னர் போடுவதாக இருந்தால் சூட்டைக் குறைத்து வையுங்கள், அதிகச் சூட்டில் பிங்க் கண்முன்னே வெளிறும்.

இலைநிழல்

ஒரு மாற்று யோசனை. மாதாமாதம் இவ்வளவு வேலைக்கு நேரம் இருக்குமா என்று சந்தேகமாக இருந்தால் முதலில் கலர் வேக்ஸ் வாங்கி வேரில் போட்டு ஒரு வாரம் நடமாடிப் பாருங்கள். அதில் நிறமி முடியின் மேலே மூடிக்கொண்டு உட்காரும், அதனால் பிளீச் இல்லாமலே கருப்பில் தெரியும், அடுத்த ஷாம்புவில் போய்விடும். மெஜந்தா அளவுக்குப் பளிச்சென்று இருக்காது, தொட்டால் கையில் ஒட்டும், ஆனால் எவ்வளவு அகலம் வேண்டும், முகத்துக்கு எப்படி இருக்கிறது என்பது தெரிந்துவிடும். தலை முழுக்கச் சுற்றி வேண்டாம் என்றால் வகிட்டின் இரண்டு பக்கமும் மட்டும் செய்யலாம், பராமரிப்பு பாதியாகிவிடும்.

சாயக்கிண்ணம்

இலைநிழல் சொன்னது நல்ல யோசனை, அகலத்தை வேக்ஸில் பார்த்தே முடிவு செய்யுங்கள். இன்னொன்று, மருதாணியோ மருதாணிப் பொடி என்று விற்கிற கருப்புச் சாயமோ எப்போதாவது போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கும், டெவலப்பர் பட்டால் முடி சூடேறிப் பொசுங்கும். நீளத்தில்தானே இருக்கிறது என்று விட வேண்டாம், கீழ் ஓரம் அதன்மேல்தான் போய் முடியும்.

பின்தலைக்கு உங்கள் கை எட்டாது, முதல் பிளீச்சுக்கு மட்டுமாவது பார்லருக்குப் போங்கள். போகும்போது படத்தைக் காட்டுவதோடு நிறுத்தாமல், வேரில் எத்தனை வால்யூம் போடுவீர்கள், ஆறு வாரம் கழித்து வந்தால் புது வளர்ச்சியில் மட்டும் பூசுவீர்களா, பழைய பிங்க் மேல் பிளீச் ஏறாமல் பார்ப்பீர்களா என்று மூன்றையும் கேளுங்கள். ஏற்கெனவே வெளுத்த முடி மேல் மறுபடி பிளீச் ஏறினால் சரியாக அந்தக் கோட்டில்தான் முடி உடையும், வேரிலிருந்து ஒரு அங்குலத்தில் உடைந்தால் மறைக்க வழி இல்லை. காதுக்குப் பின்னால் ஒரு கற்றையில் முதலில் செய்து காட்டச் சொல்லுங்கள், நனைத்து இழுத்துப் பார்த்தால் ரப்பர் போல நீளாமல் திரும்பி வர வேண்டும். நீண்டுகொண்டே போனால் அன்றைக்கு வேண்டாம் என்று எழுந்து வந்துவிடலாம்.