புதுப்பிப்பு: கம்பளத்தின் சிவப்பு மாறியிருப்பது பழுதன்று
பெரியப்பா ஈரானிலிருந்து கொண்டுவந்த, கஷ்காய் என்னும் நாடோடி மக்கள் நெய்த கம்பளத்தின் சிவப்பு நடுவில் பட்டையாக வெளிறியிருப்பது திருகோணமலை வெயிலால் வந்த பழுதா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். இழைகளை விலக்கிப் பார்த்தபோது முடிச்சின் அடிவரையிலும், பின்புறத்திலும் அதே வேறுபாடு இருந்தது. வெயில் நுனியை மட்டுமே வெளிறச் செய்யும். நாடோடிப் பெண்கள் கம்பளி நூலைச் சிறுசிறு தொகுதிகளாக சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி இன வேரில் சாயமிடுவதால், ஒரு தொகுதி தீர்ந்து அடுத்தது தொடங்கும் வரிசையில் சாயல் மாறுகிறது. இதற்கு ‘அப்ராஷ்’ என்று பெயர். இடம்பெயரும்போது கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய கிடைத்தறியில், வரைபடமின்றி நினைவிலிருந்தே நெய்த ஒருத்தியின் கைத்தடம் அந்தப் பட்டை என்றறிந்தபின் அதுவே எனக்கு மிகப் பிடித்த பகுதியாகிவிட்டது. கஷ்காய் மக்கள் வாழும், ஈரானின் பார்ஸ் பகுதியின் கம்பள நெசவுக் கலையை யுனெஸ்கோ 2010இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மறுசாயமிடும் எண்ணத்தைக் கைவிட்டு, அந்துப்பூச்சி அண்டாதபடி அடிக்கடி நிழலில் காற்றாட விரிக்கிறேன்.